சதமடித்த வெயில்: தமிழ் நாளிதழ்கள் வெப்பத்தை எழுதும் விதம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு நாளிதழின் வேலூர்ப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், ஏப்ரல் பிறந்துவிட்டால் மாலை ஆறரை மணிக்கு எனக்கு ஒரு கணக்கு காத்திருக்கும். அன்றைய அதிகபட்ச வெப்பநிலைப் பட்டியல் வானிலை மையத்திலிருந்து வரும். எல்லாம் செல்சியஸ். 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டினால் பாரன்ஹீட். 37.8 வந்த ஊர் நூறைத் தொட்ட ஊர். அப்படி எத்தனை ஊர் என்று எண்ணி, "தமிழகத்தில் 9 இடங்களில் சதமடித்த வெயில்" என்று தலைப்பு வைத்து, கீழே ஊர்ப்பெயரையும் டிகிரியையும் அடுக்கினால் செய்தி முடிந்தது. பத்து நிமிட வேலை. மூன்றாவது வருடத்தில் கால்குலேட்டரே தேவைப்படவில்லை.

ஒருநாள் வேலூரில் 37.6. தலைமை உதவி ஆசிரியர் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, வேலூர் அடிச்சிடுச்சா?"

"இல்லண்ணே. மயிரிழையில போச்சு. 99.7."

"அட, நூறுன்னு போடுப்பா. வேலூர் எடிஷன்ல வேலூர் இல்லாம வெயில் செய்தியா?"

போட்டேன். ஊரையே வெயிலூர் என்று கேலி பேசுகிற வாசகர்கள்; ஒருவரும் கேட்கவில்லை. அந்த 0.3 டிகிரி என்னை அப்படியொன்றும் உறுத்தவில்லை. உறுத்துவது அதே பக்கத்தில் வலது ஓரம் போன இன்னொரு செய்தி. சாலை போடும் இடத்தில் ஜல்லி சுமந்துகொண்டிருந்த ஒரு பெண் பிற்பகலில் மயங்கி விழுந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார், மாரடைப்பு என்று போலீசார் தெரிவித்தனர். பகுதிநேர நிருபர் அனுப்பிய மூன்று வரி. ஒற்றைக் காலத்தில், அதாவது ஒரே பத்தி அகலத்தில், "பெண் தொழிலாளி மயங்கி விழுந்து சாவு" என்று நானேதான் தலைப்பு வைத்தேன். அதையும் சதத்தையும் ஒரே மேசையில், ஒரே மணி நேரத்தில் எழுதியவனுக்கு இரண்டும் ஒரே செய்தி என்று தோன்றவில்லை.

காலநிலை மாற்றத்தின் விளைவுகளைப் பத்திரிகைகள் எப்படிக் காட்டுகின்றன என்று கேட்டால், பலரும் புயலையும் வெள்ளத்தையும்தான் எடுத்துப் பேசுவார்கள். நான் அந்தச் 'சதமடித்த வெயில்' தலைப்பையே எடுத்துக்கொள்கிறேன். மழையை எழுதத் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு நன்றாகத் தெரியும். ஏரி எத்தனை அடி, வினாடிக்கு எத்தனை கன அடி திறப்பு, எந்தத் தெருவில் படகு, எந்த அதிகாரி எப்போது கையெழுத்துப் போட்டார் என்று 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது அக்குவேறு ஆணிவேறாக எழுதினோம். மழைக்குச் சென்னை வானிலை மையத்தின் ரமணன் இருந்தார். அவர் தொலைக்காட்சியில் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெயிலுக்கு அப்படி ஒரு முகமும் கிடையாது, மொழியும் கிடையாது. ஸ்கோர் மட்டும்தான் இருக்கிறது.

ஸ்கோர் போர்டு

வானிலைத் துறை பல பத்தாண்டுகளாக செல்சியஸில்தான் பேசுகிறது. பள்ளிப் பாடமும் செல்சியஸ்தான். தமிழ் நாளிதழ்களின் கோடைச் செய்தி மட்டும் பாரன்ஹீட்டை விடவில்லை. காரணம் எளிது: செல்சியஸில் நூறு வராது. 40 என்பதில் என்ன கிளர்ச்சி? 104 என்றால் ஒரு எடுப்பு இருக்கிறது. நூறைத் தாண்டிவிட்டால் கிரிக்கெட் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. சதமடித்தது, சதத்தை நெருங்கியது, தொடர்ந்து ஐந்தாவது நாளாகச் சதம். கரூர் பரமத்தி, திருத்தணி, ஈரோடு, மதுரை விமான நிலையம், மீனம்பாக்கம் என்று ஓர் அணியே உண்டு. ஏப்ரலில் யார் முதலில் அடிப்பது என்று டெஸ்க்கில் டீ பந்தயம்கூடக் கட்டியிருக்கிறோம்.

ஸ்கோரைக் கேட்பவன் கேலரியில் இருக்கிறான். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பம். செய்தியை வாசிப்பவர் ஆட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து வெயிலின் திறமையைப் பார்க்கிறார். கூடவே நாள்காட்டியும் சேர்ந்துகொள்கிறது. மே 4 வாக்கில் "அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம்", 28 வாக்கில் "கத்திரி இன்றுடன் விடைபெறுகிறது". பஞ்சாங்கப்படி சூரியன் பரணியின் பிற்பாதியிலிருந்து கார்த்திகையைக் கடந்து ரோகிணியின் தொடக்கம் வரை போகும் காலம் அது. வானிலை அறிவியலில் அப்படி ஒரு பருவம் கிடையாது. ஆனாலும் ஆண்டுதோறும் அதே செய்தி, அதே நாளில், சில சமயம் போன வருடக் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி. (செய்திருக்கிறேன்.) இதன் விளைவு, வெயில் என்பது தீபாவளி, பொங்கல் மாதிரி வந்து போகிற ஒன்றாக ஆகிவிடுகிறது. வருடா வருடம் வருவது இந்த வருடம் வேறு மாதிரி வந்திருக்கிறது என்று சொல்ல அதில் இடமே இல்லை.

அப்புறம் படங்கள். நுங்கு வெட்டும் கை. தர்பூசணிக் குவியல். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்கூட்டரில் போகும் கல்லூரிப் பெண்கள், எல்லா ஊரிலும், எல்லா வருடமும். கிணற்றில் தலைகீழாகக் குதிக்கும் சிறுவர்கள். தார்ச்சாலையில் கானல் நீர். 'வண்டலூரில் யானைக்கு ஷவர் குளியல்' என்பது தனி ரகம். இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும்தானா என்றால், கிடையாது. பிரிட்டனின் எக்சிடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாஃப்ரன் ஓநீல் குழுவினர் 2019-இல் ஐரோப்பாவில் அடித்த வெப்ப அலைகளின்போது பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து செய்தித் தளங்கள் போட்ட படங்களை ஆராய்ந்தார்கள். எழுத்தில் அபாயம் இருந்தது. படத்தில் கடற்கரையும் நீரூற்றும் கும்மாளமும் இருந்தன. நம் நுங்குப் படத்துக்கு அவர்களுடைய ஐஸ்கிரீம் படம் பங்காளி.

"பொதுமக்கள் அவதி" என்ற சொற்றொடரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சுட்டெரிக்கும் வெயில், பொதுமக்கள் அவதி. கொட்டித் தீர்த்த மழை, பொதுமக்கள் அவதி. எல்லாரும் அவதிப்பட்டால் யாரும் தனியாக அவதிப்படவில்லை. ஏசி அறையிலிருந்து கார் வரை நடந்தவரும் செங்கல் சூளையில் நின்றவரும் ஒரே பொதுமக்கள்.

பெட்டிக்குள் நிழல்

நாம் அச்சிடும் அந்த எண் எங்கே எடுக்கப்படுகிறது என்பது டெஸ்க்கில் உட்கார்ந்த பல வருடங்கள் எனக்கே தெரியாது. வெள்ளை வர்ணம் பூசிய மரப்பெட்டி, நான்கு பக்கமும் காற்று புகும்படி சாய்ந்த பலகைகள், புல்தரைக்கு மேல் ஆள் நெஞ்சு உயரத்தில் நிற்கும். அதற்குள் வெப்பமானி. நேர் வெயில் படக்கூடாது, தரையின் சூடு ஏறக்கூடாது. காற்றின் வெப்பத்தை மட்டும் அளப்பதுதான் நோக்கம். ஆக, பத்திரிகையில் வருவது நல்ல காற்றோட்டமான நிழலின் வெப்பநிலை. தார் ஊற்றுகிறவர் அந்தப் பெட்டிக்குள் இல்லை.

எண்ணில் இல்லாத இன்னொன்று, ஈரப்பதம். வெளிக்காற்று உடம்பைவிடச் சூடாகிவிட்டால், உடல் சூட்டை வெளியேற்ற வியர்வை ஒன்றுதான் வழி. வியர்த்தால் போதாது, வியர்வை உலர வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் அது உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். அமெரிக்க வானிலைத் துறையின் வெப்பக் குறியீட்டு அட்டவணையில் விரலை வைத்துப் பார்க்கலாம். 100 டிகிரி பாரன்ஹீட், ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் உடம்புக்கும் ஏறத்தாழ அந்த நூறுதான். 95 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 113 மாதிரி உறைக்கும். சென்னையின் வரலாற்றிலேயே அதிகபட்சமாகப் பதிவான வெப்பநிலை 2003 மே 31 அன்றைய 45 டிகிரி செல்சியஸ். பாரன்ஹீட்டில் அதுவும் 113. அதாவது சதமடிக்காத ஒரு புழுக்கமான நாள், சாதனை நாளின் வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிட முடியும். அதுவும் நிழலில் இருப்பவருக்கு. நேர் வெயிலில் நின்றால் இன்னும் 15 டிகிரி வரை கூட்டிக்கொள்ளச் சொல்கிறது அதே துறை.

சதத்தை எண்ணும் பத்திரிகைக்கு இந்த நாள் கண்ணிலேயே படாது. அப்படி ஒரு நாள் 2024-இல் வந்தது.

மெரினா, 2024 அக்டோபர் 6

விமானப்படையின் 92-ஆம் ஆண்டு நிறைவையொட்டி மெரினாவில் சாகச நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணிக்குத் தொடங்கி 1 மணி வரை. 15 லட்சம் பேர் வந்ததாகச் சொல்லப்பட்டது. இடம்பிடிக்கக் காலை எட்டு மணிக்கே மணலில் உட்கார்ந்தவர்கள் உண்டு. தலைக்கு மேல் ஒன்றும் கிடையாது. வானத்தைப் பார்க்கத்தானே வந்தார்கள். முடிந்ததும் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் காமராஜர் சாலைக்கும் பறக்கும் ரயில் நிலையங்களுக்கும் திரும்பினார்கள். தண்ணீர் கிடைக்கவில்லை, ஆட்டோ கிடைக்கவில்லை, நகரவும் முடியவில்லை. ஐந்து பேர் இறந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது.

அன்று சென்னை வெயில் செல்சியஸில் 35-ஐ ஒட்டி. பாரன்ஹீட்டில் 95 சுற்றி. சதமில்லை. கத்திரியும் இல்லை, கோடையும் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு ஊர் காத்திருந்த அக்டோபர்.

மறுநாள் பத்திரிகைகளில் இது எப்படி வந்தது? முதல் பக்கத்தில், பெரிதாக. வரவேண்டியதுதான். எதிர்க்கட்சிகள் அரசின் ஏற்பாடு போதவில்லை என்றன. கூட்ட நெரிசலில் யாரும் சாகவில்லை, ஐவரும் இறந்த நிலையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள், வெயிலின் தாக்கமே காரணம் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் விளக்கினார். குடை, தண்ணீர், தொப்பியோடு வரச் சொல்லியிருந்தோம் என்றது அரசுத் தரப்பு. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் என்று முதல்வர் அறிவித்தார். ஒரு வாரம் இதுவே ஓடியது: குடிநீர்த் தொட்டி எத்தனை, கூடுதல் ரயில் விட்டார்களா, பொறுப்பு யாருடையது.

இந்தக் கேள்விகள் தவறென்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர் வைத்திருந்தால் சிலராவது பிழைத்திருப்பார்கள். ஆனால் அமைச்சரின் பதிலிலேயே ஒரு செய்தி பொதிந்திருந்தது, அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வெயில்தான் கொன்றது என்றால், 35 டிகிரி எப்படிக் கொன்றது? அக்டோபரில் எப்படி? எந்தப் புழுக்கத்தில், எத்தனை மணி நேரத்தில், எந்த வயதில், என்ன நோய் உள்ளவருக்கு? அரசு "வெயில்" என்று சொன்னபோது அது கைகழுவும் சொல்லாகவே எழுதப்பட்டது. "நெரிசல் இல்லை, வெயில்தான்" என்றால் "யாரும் காரணமில்லை" என்று நாமும் சேர்ந்தே புரிந்துகொண்டோம். வெயிலை இயற்கையின் ஆட்டமாக இத்தனை வருடம் எழுதிய கைகளுக்கு வேறெப்படித் தோன்றும்?

மேடை இருந்தால் செய்தி

மெரினா தனி நிகழ்வில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் ஏப்ரல் 11 அன்று விருத்தாசலத்தில் ஜெயலலிதா பேசிய கூட்டத்தில் வெயிலில் அமர்ந்திருந்த இருவர் இறந்தார்கள். ஏப்ரல் 20 சேலம் கூட்டத்தில் மேலும் இருவர். 2023 ஏப்ரலில் நவி மும்பையின் கார்கரில் மகாராஷ்டிர அரசு நடத்திய விருது விழாவில் 14 பேர். ஒவ்வொன்றும் பெரிய செய்தியானது. ஒவ்வொன்றிலும் ஒரு மேடை இருந்தது, மேடையில் ஒரு தலைவர் இருந்தார், கேட்க ஒரு "யார் பொறுப்பு" இருந்தது. மேடை இல்லாத இடத்திலும் அதே வெயில் அதே வேலையைச் செய்கிறது. அங்கே நிருபர் இல்லை.

நிருபர் இருந்தாலும் வெயில் செய்திக்குள் வராது. ஏன் என்பது என் ஜல்லிப் பெண் செய்தியைக் கொண்டே சொல்ல முடியும். மாவட்ட நிருபரின் சாவுச் செய்திகளுக்கு மூலம் இரண்டு: காவல் நிலையம், அரசு ஆஸ்பத்திரி. உடன் வேலை செய்தவர் "நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு விழுந்துட்டா" என்பார். சந்தேக மரணம் என்று வழக்கு பதியும் காவலர் அதை எழுதிக்கொள்வார். மருத்துவரின் தாளில் இதயமும் மூச்சும் நின்றதாக இருக்கும். சாகும்போது எல்லாருக்கும் அவை நிற்கத்தான் செய்யும். வெப்பவாதம் என்று எழுத வேண்டுமென்றால் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்ததை அந்த நேரத்திலேயே யாராவது அளந்திருக்க வேண்டும். ஜல்லிக் குவியல் பக்கத்தில் தெர்மாமீட்டரோடு யார் நிற்கப் போகிறார்கள்? நிருபர் மாரடைப்பு என்று அனுப்புவார், நான் மயங்கி விழுந்து சாவு என்பேன். அத்தோடு கதை முடிந்தது.

இதற்கு ஒரு மாற்று வழி அகமதாபாத்தில் கிடைத்தது, பத்திரிகை வழியாக இல்லை. 2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. பிற்பாடு ஆய்வாளர்கள் மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினார்கள். காரணம் என்ன எழுதியிருக்கிறது என்றே பார்க்கவில்லை. அந்த மாதம் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள், முந்தைய ஆண்டுகளில் அதே மாதம் எத்தனை பேர் என்று மட்டும் ஒப்பிட்டார்கள். 1,344 பேர் கூடுதல். மாரடைப்பு, மூச்சுத்திணறல், முதுமை என்று சிதறிக் கிடந்த சாவுகளைச் சேர்த்துக் கூட்டியபோதுதான் வெயில் தெரிந்தது. 2013-இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்ததற்குப் பின்னணி இதுதான். இந்தக் கணக்குக்கு வேண்டியது ஒரு பதிவேடும் பொறுமையும். எந்த மாவட்டப் பதிப்பும் செய்யக்கூடியது. நாங்கள் செய்யவில்லை.

தமிழ்நாட்டில் இப்போது இதற்கு ஒரு பண மதிப்பும் வந்துவிட்டது. 2024 அக்டோபர் கடைசியில், மெரினா நடந்த அதே மாதத்தில், வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. வெயிலால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆனால் இறந்தது வெயிலால் என்று தாளில் இருக்க வேண்டும். மாரடைப்பு என்று போகிற போக்கில் எழுதப்படும் ஒரு சொல் இனி ஒரு வீட்டுக்கு 4 லட்சம் நஷ்டம். இந்த அறிவிப்பு வந்தபோது நிவாரணத் தொகைதான் தலைப்பானது. சான்றை யார், எப்படித் தருவார் என்று துருவுவதுதான் உண்மையான செய்தி வேலை.

52.9

ஸ்கோர் மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதே 2024 மே 29. டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையத்தில் 52.9 டிகிரி செல்சியஸ் பதிவானதாகத் தகவல் வந்தது. இந்தியாவில் இதுவரை காணாத எண். உலகம் முழுக்கத் தலைப்பு. அன்று மாலையே வானிலைத் துறை சந்தேகத்தைச் சொன்னது. சில நாளில் அந்த உணரி 3 டிகிரி கூட்டிக் காட்டியது என்று உறுதிசெய்தது. மறுநாள் நாக்பூரில் ஒரு கருவி 56 காட்டியது, அதுவும் கோளாறு. டெல்லியின் சப்தர்ஜங் நிலையத்தில் மே 29 அன்று பதிவான 46.8 டிகிரி உண்மையான எண், அதுவே பல பத்தாண்டுகளில் காணாதது. 52.9-க்குப் பக்கத்தில் அது சப்பென்று போய்விட்டது. பொய்யாகிப்போன சாதனையால் இன்னொரு கேடு: "பார்த்தீங்களா, எல்லாமே மிகைப்படுத்தல்" என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது.

மூன்று நாள் கழித்து, ஜூன் 1, மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்டம். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் தேர்தல் பணியில் இருந்த 33 பேர் வெயிலில் இறந்ததாக அந்த மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி சொன்னார். ஊர்க்காவல் படையினர், துப்புரவுப் பணியாளர்கள் அதில் இருந்தார்கள். அந்தக் கோடையைப் பற்றி என் நண்பர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். 52.9 எல்லாருக்கும் நினைவிருந்தது. 33 ஒருவருக்கும் நினைவில்லை. இவர்கள் பத்திரிகைக்காரர்கள்.

எண் சின்னதாக இருந்தால் எதிர்மாறாகவும் நடக்கும். 2024 ஏப்ரல் 29 அன்று ஊட்டியில் 29 டிகிரி செல்சியஸ். 1951-க்குப் பிறகு அதுதான் அதிகம், வழக்கத்தைவிட 5 டிகிரிக்கு மேல் கூடுதல். பாரன்ஹீட்டில் 84. வேலூர்க்காரனுக்கு அது சுகமான காலைப்பொழுது. வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகல் என்று பார்த்தால் அந்த வாரத்தின் மிகக் கடுமையான செய்திகளில் ஒன்று அது. "73 ஆண்டுகளில் இல்லாத" என்ற ஒட்டு கிடைத்ததால் பிழைத்துச் செய்தியானது. அந்த ஒட்டு இல்லாத வெறும் விலகலாக இருந்திருந்தால் வந்திருக்காது.

இரண்டு பக்கங்கள்

காலநிலை மாற்றத்தைத் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதுவதே இல்லை என்பது அபாண்டம். நடுப்பக்கக் கட்டுரைகள் வருகின்றன, தலையங்கங்கள் வருகின்றன, உலக மாநாடு நடந்தால் அரைப்பக்கம் ஒதுக்குகிறார்கள். பருவநிலை மாற்றம் என்பதா காலநிலை மாற்றம் என்பதா என்று சொல் சண்டைகூட நடத்தியிருக்கிறோம். ஆனால் அது ஆறாம் பக்கம். சதமடித்த வெயில் மூன்றாம் பக்கம். இரண்டுக்கும் நடுவே இரண்டு தாள்தான், போக்குவரத்து மட்டும் இல்லை. புவி வெப்பமடையும் முன் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம், 1 டிகிரி சூடேறிய உலகில் அதே பத்தாண்டில் ஏறத்தாழ 2.8 முறை வருகிறது என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை கணக்குச் சொன்னது. ஆறாம் பக்கத்தில் அதை வாசித்தவர் மூன்றாம் பக்கத்தில் திருத்தணி 107 என்பதைப் பார்க்கும்போது அது ஞாபகத்துக்கு வருமா? செய்தியை எழுதும் எனக்கே வந்ததில்லை.

இன்னும் சில செய்திகள் வேறு பக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிடுகின்றன. 2023-இல் பள்ளி திறப்பு ஜூன் 7-க்கும் பிறகு 12, 14-க்கும் தள்ளிப்போனது, 2024-இல் 6-லிருந்து 10-க்கு. காரணம் வெயில். எழுதப்பட்டதோ கல்விச் செய்தியாக. ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் ஆய்வு வெளியிட்டார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களிடம் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு. நம் ஊர்ப் பெண்கள், நம் ஊர் வெயில். இது மருத்துவச் செய்தி. துப்பட்டா மூடிய ஸ்கூட்டர் படம் மட்டும் வெயில் செய்தி.

நூறு என்றால் என்ன

இவ்வளவும் சொன்னபிறகு, பாரன்ஹீட்டைத் தூக்கிப் போடுங்கள் என்று முடிப்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தமிழ் வீடுகளில் பாரன்ஹீட் உயிரோடிருப்பது வெயிலால் மட்டுமில்லை, காய்ச்சலாலும்தான். "பிள்ளைக்கு நூறு இருக்கு" என்றால் பாட்டிக்குப் புரியும். 98.6 சரி, நூறு என்றால் கஞ்சி, 102 என்றால் ஈரத்துணி, 104 என்றால் ராத்திரியானாலும் டாக்டர். எந்தச் சூட்டில் என்ன செய்ய வேண்டும் என்று இவ்வளவு தெளிவாக மனப்பாடமான ஓர் அளவுகோல் செல்சியஸில் நம்மிடம் இல்லை.

அந்த நூறுக்கும் காற்றின் நூறுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டு. வெளியே நூறு என்றால் காற்று நம் ரத்தத்தைவிடச் சூடு. காற்றிலிருந்து உடம்புக்குள் சூடு வரத் தொடங்கும் கோட்டை அப்போது தாண்டியாயிற்று. தற்செயலாக, நாம் பிடித்துவைத்திருந்த எண் உருப்படியான எண்தான். கிரிக்கெட்டிலிருந்து எடுத்ததுதான் கோளாறு. ஈரப்பதத்தையும் சேர்த்து "இன்று சென்னைக்கு 113 காய்ச்சல்" என்று ஒரு பதிப்பு தலைப்புப் போட்டால் துல்லியம் போதாது என்று வானிலை நிபுணர் யாராவது கடிதம் எழுதுவார். எழுதட்டும். 99.7-ஐ நூறாக்கியபோது எழுதாதவர்கள்தானே.

நான் டெஸ்க்கை விட்டு வந்து சில வருடம் ஆகிவிட்டது. போன மே மாதம் ஒரு மாலை, என் நாற்காலியில் இப்போது உட்காரும் தம்பி போன் செய்தான். வேறு ஏதோ பழைய படம் தேடி.

"அப்புறம், இன்னிக்கு எத்தனை அடிச்சுது?" என்றேன், பழக்க தோஷத்தில்.

"98 தாண்ணா. செய்தி இல்ல. காலங்காலையிலிருந்து புழுங்குது, மழை வரும்போல இருக்கு, வரல."

"குறைந்தபட்சம்?"

"என்னது?"

"ராத்திரி. கம்மியா எத்தனைக்கு இறங்குச்சு?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. "30 போட்டிருக்கான். செல்சியஸ்." கொஞ்சம் நிறுத்தினான். "ராத்திரி முழுக்க 86 டிகிரிக்குக் கீழ போகவே இல்லியா? அதான் யாரும் தூங்கல."

"அதைப் போடேன்."

"எங்கண்ணா போடறது? பாக்ஸ்ல ஊர், டிகிரின்னு ரெண்டு காலம்தான் இருக்கு."